வாசகர் கேள்வி-பதில்: அப்பா ஆகப் போகிறவருக்கு என்ன வேலை?

கேள்வி: மனைவிக்கு இது பத்தாவது வாரம். ஒவ்வொரு செக்கப்புக்கும் லீவு போட்டுக் கூடப் போகிறேன். பில் கட்டுவதைத் தவிர அங்கே எனக்கு வேலையே இல்லை. டாக்டரிடம் என்ன கேட்பது?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: கேட்பது இருக்கட்டும், முதலில் நீங்கள் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் ரத்த வகை. மனைவி நெகட்டிவ், நீங்கள் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். குழந்தையின் ரத்த அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்தால் அவர் உடலில் எதிர்ப்பு உண்டாகும். அது பெரும்பாலும் அடுத்த குழந்தையைத்தான் தாக்கும். அதைத் தடுக்கத்தான் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. டிரைவிங் லைசென்ஸில் இருக்கும் ரத்த வகையை நம்பாதீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி எழுதியவர்கள் உண்டு. லேப் ரிப்போர்ட்தான் வேண்டும்.

மனைவிக்கு தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர், என்று வந்தால் அதே டெஸ்ட் உங்களுக்கும், அந்த வாரமே. இருவருமே கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த கட்ட சோதனைக்கு நாள் குறைவு என்பதால் ‘எனக்கு ஒன்றும் இருக்காது’ என்று தள்ளிப்போடக் கூடாது.

மூன்று தேதிகளை உங்கள் போனில் போட்டு வையுங்கள். குழந்தையின் பின்கழுத்து நீரை அளக்கும் என்டி ஸ்கேன் 11-வது வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான். விட்டால் திரும்ப எடுக்க முடியாது. உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். சர்க்கரை டெஸ்ட் 24 முதல் 28 வாரத்துக்குள். ஸ்கேன் அறையில் ஆணா பெண்ணா என்று ஜாடையாகக்கூடக் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: என் கணவர் மாத்திரை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. காலை காபி முடிந்ததும் இரும்பு, கால்சியம் இரண்டையும் கையில் கொடுத்துவிடுவார். ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை.
– வாசகி, அல்சூர்

பதில்: கண்டிப்பு சரி, நேரம்தான் தப்பு. கால்சியம் இரும்பை உடலில் சேர விடாது. காபியும் டீயும் அதையேதான் செய்யும். கால்சியம் காலைச் சாப்பாட்டோடு போகட்டும். இரும்பை இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சை ஜூஸோடு எடுங்கள். முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காபி வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு வகை தருவார். ஒரு மாதத்தில் அப்படியும் ஏறாவிட்டால் காரணம் வேறு, அவரிடமே பாருங்கள்.

கேள்வி: ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மனைவி மதுரைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாள். நான் இங்கே கே.ஆர்.புரத்தில். தினமும் போனில் பேசினால் போதுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: என்ன பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘சாப்பிட்டியா’வோடு முடித்துவிடாமல், ‘குழந்தை எப்படி அசையுது’ என்று கேளுங்கள். 28-வது வாரத்துக்குப் பின் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்துக் கவனித்தால், 2 மணி நேரத்தில் 10 அசைவாவது தெரிய வேண்டும். குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் பிரஷர் பார்த்தாக வேண்டும். 140/90 தொட்டாலே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அவர் கிளம்பும் முன் ரத்த வகை ரிப்போர்ட், எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், தாய் கார்டு (கர்நாடக அரசு தரும் கர்ப்பகாலப் பதிவு அட்டை), போட்ட ஊசிகளின் விவரம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மதுரை டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் கூட இருங்கள். பிரசவ அறைக்குள் கணவனை விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் உடன் ஒருவர் இருக்க 2016-இல் மத்திய அரசு அனுமதித்தது. முதல் இடம் பிரசவ அனுபவமுள்ள பெண்ணுக்குத்தான். மற்ற பெண்களுக்கு மறைவு இருக்கும் இடத்தில் கணவனும் நிற்கலாம்.

வலி ராத்திரி வந்தால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிடலாம். அதனால் வலியை எண்ணும் முறையை மாமியாருக்கும் சொல்லி வையுங்கள். ஒரு வலி தொடங்குவதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டும். முடிந்ததிலிருந்து எண்ணினால் இடைவெளி குறைவாகத் தெரிந்து வீண் பதற்றம் வரும். தலைப்பிரசவத்தில் 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 1 நிமிடம் என ஒரு மணி நேரம் வந்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ எண்ண வேண்டாம், உடனே போக வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால், வலி வரும்போது முதுகுப் பக்கம் இடுப்புக்குக் கீழே நடு எலும்பில் உள்ளங்கை அடியால் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம்.

கேள்வி: தனியார் கம்பெனி. அப்பா ஆவதற்கு 5 நாள் லீவுதான். பிரசவம் மனைவியின் அம்மா வீட்டில். எப்போது எடுப்பது?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியாரில் கட்டாயச் சட்டம் இல்லை, கம்பெனி கொடுப்பதுதான். பிரித்து எடுக்க விடுவார்கள் என்றால் 2 நாள் பிரசவத்துக்கு, மீதி மனைவியும் குழந்தையும் பெங்களூரு திரும்பும் வாரத்துக்கு. அங்கே கவனிக்க ஆள் இருக்கும். இங்கே நீங்கள் மட்டும்தான். பிரசவத்தின்போது ஊரில் இருக்கும் அந்த 2 நாளில், பிறப்புப் பதிவுக்கு ஆஸ்பத்திரி எழுதும் பெயர்களின் எழுத்தைச் சரிபாருங்கள். பதிவு 21 நாளுக்குள் முடிய வேண்டும்.