டேட்டாபேஸில் (தரவுத்தளத்தில்) தொடும் முன் ஏன் பூட்ட வேண்டும்? – கேள்வி பதில்

காரைக்குடி: அண்ணே, கண்டாங்கிச் சேலைக் கடை. இருப்பு 1 என்று பார்த்துத்தான் கழிக்கிறோம். ஆனாலும் ஒரே சேலைக்கு இரண்டு கவுன்டரிலும் பில் விழுகிறது.

பதில்: பார்ப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவில்தான் ஓட்டை, தம்பி. முதல் கவுன்டர் 1 என்று படிக்கிறது. அது 0 எழுதுவதற்குள் இரண்டாவதும் 1 என்றே படித்துவிடுகிறது. டிரான்சாக்‌ஷனைத் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காத வேலைத்தொகுப்பு) தொடங்கி, படிக்கும்போதே 'செலக்ட் ... ஃபார் அப்டேட்' போட்டு அந்த வரியை (டேபிளில் அந்தச் சேலைக்கான பதிவை) பூட்டுங்கள். இரண்டாவது கவுன்டர் காத்து நிற்கும். முதலாவது கமிட் ஆனபின் (மாற்றம் உறுதியானபின்) 0 என்று படிக்கும். சேலை எண்ணுக்கு இண்டெக்ஸ் (வரியை நேராகத் தேடிப் பிடிக்க உதவும் பட்டியல்) கட்டாயம். இல்லாவிட்டால் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சின்) தேடிப் போகும் வழியில் உள்ள வரிகளையெல்லாம் பூட்டிவிடும். வாடிக்கையாளர் யூபிஐ அடிக்கும்வரை பூட்டைப் பிடித்திருக்காதீர்கள்: மற்ற கவுன்டர் 50 விநாடி நின்று 1205 பிழையோடு விழும். கழித்துக் கமிட் செய்யுங்கள். பணம் வராவிட்டால் திரும்பக் கூட்டுங்கள்.

தேவகோட்டை: மைஎஸ்க்யூஎல்லில் 'லாக் டேபிள்ஸ்' (முழு டேபிளையும் பூட்டும் கட்டளை) போட்டால் 1100 பிழை வருகிறது.

பதில்: போட்டபின், பூட்டிய டேபிள்களை மட்டுமே தொடலாம். அலியாஸ் (டேபிளுக்கு மாற்றுப்பெயர்) வைத்தால் அதையும் தனியாகப் பூட்ட வேண்டும். நடக்கும் டிரான்சாக்‌ஷனையும் அது சொல்லாமல் கமிட் செய்துவிடும். வரிப் பூட்டே போதும்.

கானாடுகாத்தான்: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் எம்விசிசி (ஒரே வரியின் பல பதிப்புகளை வைத்திருக்கும் முறை) இருக்கிறது. படிக்கப் பூட்டு எதற்கு?

பதில்: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்விசிசி வரிகளின் பதிப்பைக் காக்கும், டேபிளைக் காக்காது. வெறும் செலக்ட்டும் 'அக்சஸ் ஷேர்' பூட்டு வாங்கித்தான் உள்ளே போகிறது. இல்லாவிட்டால் பாதி படிக்கையில் இன்னொருவர் டேபிளையே ட்ராப் செய்துவிடலாம் (அழித்துவிடலாம்). பூட்டு கிடைத்ததும்தான் செலக்ட், மற்ற செஷன்கள் (டேட்டாபேஸ் இணைப்புகள்) அனுப்பிய மாற்றச் செய்திகளை வாங்கிக்கொள்ளும். அதற்கு முன் பார்த்த டேபிளின் நெடுவரிசைப் (column) பட்டியல் பழசாகியிருக்கலாம்.

அவரே: அப்படியானால் ஒரு செலக்ட் இன்னொன்றை நிறுத்துமே?

பதில்: நிறுத்தாது. 'அக்சஸ் ஷேர்' மோதுவது 'அக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' (ட்ராப் போன்றவை கேட்கும் முழுப் பூட்டு) ஒன்றோடுதான். ஆபத்து வேறிடத்தில்: நீண்ட ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) காத்து நின்றால், அதற்குப்பின் வரும் செலக்ட் எல்லாம் வரிசையில் நின்றுவிடும். ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட் (பூட்டுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 2 விநாடி வையுங்கள்.

ஆத்தங்குடி: கல் பட்டறை. மைஎஸ்க்யூஎல்லில் அடிக்கடி 1213 பிழை, டெட்லாக் (ஒன்றின் பூட்டுக்கு ஒன்று காத்து முட்டி நிற்பது).

பதில்: ஒரு ஆர்டர் பூ டிசைனை முதலில் பூட்டுகிறது, இன்னொன்று பார்டரை. எப்போதும் எண் வரிசையில் பூட்டுங்கள். 1213 வந்தால் டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள்.

பள்ளத்தூர்: பலகாரக் கடை. ஒரே டப்பா இரண்டு பேருக்கு விற்கிறது.

பதில்: முதல் பதில். பூட்டோடு பணத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

புதுவயல்: அரிசி மண்டி. 'இருப்பு 0-க்கு மேல் இருந்தால் 1 கழி' என்று ஒரே அப்டேட்டில் எழுதலாமா?

பதில்: தாராளமாக. அப்டேட்டே வரியைப் பூட்டிக்கொள்ளும். எத்தனை வரி மாறியது என்று மட்டும் பாருங்கள். 0 என்றால் பில் போடாதீர்கள்.