ஃப்ளஷுக்குக் காத்திருப்பவரிடம் எவ்வளவு பெட் வைப்பது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மாரி மழை தொடங்கிவிட்டால் சனிக்கிழமை இரவுகளில் ஏழு பேர் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி நோ-லிமிட் ஹோல்டெம் ஆடுவார்களாம், அதாவது கையிலுள்ள அத்தனையையும் ஒரே தடவையில் வைக்கக்கூடிய போக்கர். காசு இல்லை, புளியங்கொட்டைதான் சிப்ஸ். தெரியாதவர்களுக்கு: ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டு ஃப்ளொப், நாலாவது டேர்ன், ஐந்தாவது ரிவர். பெட் என்றால் நடுவில் வைப்பது, கோல் என்றால் அதே அளவு போட்டுத் தொடர்வது. ஒரே இனத்தில், உதாரணமாக ஆட்டினில் (ஹார்ட்ஸ்), ஐந்து சீட்டு சேர்ந்தால் ஃப்ளஷ், அது ஒரு ஜோடியை வெல்லும். அவருடைய கேள்வி இது:

“அண்ணா, என் கையில் ஸ்பேட் ஆஸ், டயமன் ராஜா. ஃப்ளொப்பில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 8, கிளாவர் 3. மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டார்கள், நானும் மச்சானும் மட்டும். நடுவில் 60 கொட்டை, எங்களிடம் ஆளுக்கு 240 மிச்சம். நான் 20 வைத்தேன், மச்சான் கோல் செய்தார். டேர்னில் ஸ்பேட் 2. திரும்பவும் 20 வைத்தேன், திரும்பவும் கோல். ரிவரில் ஆட்டின் 5 விழுந்தது. மச்சான் மிச்சமிருந்த 200-ஐயும் தள்ளினார், நானும் கோல் செய்தேன். அவரிடம் ஆட்டின் ராணியும் ஆட்டின் 9-உம். எல்லாம் போச்சு. ‘எனக்கு 35 வீத வாய்ப்பு இருந்தது, நான் ஆடினது சரி’ என்கிறார். சரியா? ஃப்ளொப்பிலேயே நான் எல்லாவற்றையும் தள்ளியிருக்க வேண்டுமா? கடைசியில் கோல் செய்தது பிழையா?”

தம்பி, மச்சான் ஆடினது சரி. ஆனால் அவர் சொல்கிற காரணம் சரியில்லை. அது சரியானது நீங்கள் கொடுத்த விலையால்தான்.

முதலில் அந்த 35 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இராது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று விழுந்த சீட்டுகளை மனதில் கூட்டிக்கொண்டே ஆடிய தலைகள்தானே நம்முடையவை. இங்கேயும் காணாத சீட்டுகளை எண்ணுவதுதான் வேலை. மச்சான் ஃப்ளொப்பில் கண்டது ஐந்து சீட்டு: கையில் இரண்டு, மேசையில் மூன்று. காணாதவை 47. பதின்மூன்று ஆட்டினில் நான்கு வெளியே தெரிகின்றன, மிச்சம் 9. அடுத்த ஒரு சீட்டில் ஆட்டின் விழும் வாய்ப்பு 47-இல் 9, அதாவது 19 வீதம். அது தவறினால் ரிவரில் 46-இல் 9, கிட்டத்தட்ட 20 வீதம். இரண்டு சீட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால்தான் 35 வரும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரே தடவை காசைப் போட்டு இரண்டு சீட்டையும் பார்க்க முடிகிறவருக்குத்தான் 35. ஃப்ளொப்பிலேயே எல்லாவற்றையும் தள்ளி ஓல்-இன் ஆகிவிட்டால், அல்லது டேர்னில் இனி யாரும் பெட் வைக்கமாட்டார்கள் என்று தெரிந்தால், அந்த எண்ணை எடுக்கலாம். டேர்னில் நீங்கள் இன்னொரு பெட் வைக்கப் போகிறீர்கள் என்றால் அவர் ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாக வாங்குகிறார். ஒவ்வொன்றின் பெறுமதியும் 19, 20 வீதம்தான். நீங்கள் விலை போட வேண்டியதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இப்போது உங்கள் விலையைப் பாருங்கள். ஃப்ளொப்பில் நடுவில் 60, உங்கள் பெட் 20, மொத்தம் 80. அதை வெல்ல மச்சான் 20 போடுகிறார். ஐந்து தடவையில் ஒரு தடவை வென்றால் அவருக்கு நட்டமில்லை. அவருடைய வாய்ப்பும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. சரி, இதுவரை கொள்முதல் விலைக்கே விற்றிருக்கிறீர்கள். டேர்னில் நடுவில் 100, உங்கள் பெட் மறுபடியும் 20. 120-ஐ வெல்ல அவர் 20 போடுகிறார். ஏழில் ஒரு தடவை வென்றாலே போதும், அவருக்கோ ஐந்தில் ஒரு தடவை வருகிறது. அது மட்டுமல்ல, ஆட்டின் விழுந்தால் உங்கள் கையில் மிச்சமிருக்கும் 200-உம் அவருக்குக் கிடைக்கும், கிடைத்தும் விட்டது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டேர்னில் அவர் செய்த ஒவ்வொரு கோலும் சராசரியாக 46 கொட்டை லாபம். அறுக்குளாவைச் சூடை விலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வாங்கினவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படியென்றால் 240-ஐயும் ஃப்ளொப்பில் தள்ளுவதா? நட்டப்பட்டவர்கள் எல்லாரும் அடுத்த வாரம் இதைத்தான் செய்கிறார்கள், நான் வேண்டாம் என்பேன். 300-ஐ வெல்ல 240 போட வேண்டும் என்றால் அவருக்கு 44 வீதம் தேவை, இருப்பது 35. யோசிக்கிறவர் என்றால் சீட்டைப் போட்டுவிடுவார், உங்களுக்குக் கிடைப்பது நடுவிலுள்ள 60 மட்டும். ராஜாவும் ராணியும், ராஜாவும் ஜாக்கும் வைத்திருக்கும் ஆட்கள் உங்களிடம் தோற்கப் போகிறவர்கள், அவர்களும் ஓடிவிடுவார்கள். கோல் செய்ய மிஞ்சுவது மூன்று எட்டு, மூன்று மூன்று, இரண்டு ஜோடி வைத்திருப்பவர்கள். அவர்களிடம் நீங்கள்தான் தோற்கப் போகிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான்: டிரோ (ஃப்ளஷ் போல, இன்னும் ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கை) வைத்திருப்பவரைத் துரத்த நினைக்காதீர்கள், அவருக்குக் கட்டுப்படியாகாத விலைக்கு வாங்க வையுங்கள். அவர் ஓடினால் உங்களுக்கு 60. நீங்கள் 40 வைத்து அவர் கோல் செய்தால்? நூறு தடவையில் 81 தடவை டேர்னில் அவருக்கு ஆட்டின் வராது. அந்த நேரத்தில் 60-உம் அவர் போட்ட 40-உம் உங்கள் பக்கம். 19 தடவை உங்கள் 40 போகும். ஆட்டின் விழுந்ததும் நீங்கள் நின்றுவிட்டால் சராசரி 73 வரும். அவர் ஓடுவதைவிட அவர் பிழையான விலைக்குத் தங்குவதே உங்களுக்கு 13 கொட்டை மேல்.

அவர் கோல் செய்ய எத்தனை வீத வாய்ப்பு வேண்டும் என்பது உங்கள் பெட்டின் அளவைப் பொறுத்தது. நடுவிலுள்ளதில் கால்வாசி வைத்தால் அவருக்கு 17 வீதம் போதும். மூன்றில் ஒன்றுக்கு 20, பாதிக்கு 25, மூன்றில் இரண்டுக்கு 29, முழுப் பொட்டுக்கு, அதாவது நடுவிலுள்ளது அத்தனைக்கும், 33. ஃப்ளஷ் டிரோவுக்கு ஒரு சீட்டில் 19. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) 8 சீட்டு உதவும், 17 வீதம். நடுவில் ஓட்டையுள்ள ஸ்ட்ரெய்ட்டுக்கு 4 சீட்டு, 9 வீதம்கூட இல்லை. மேசையில் கணக்குப் போட நேரமில்லை என்றால் உதவும் சீட்டுகளை இரண்டால் பெருக்குங்கள், ஒரு சீட்டுக்கான வீதம் ஏறக்குறைய வந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் பாதிப் பொட்டே போதுமே என்று தோன்றும். பின்னால் காசு இல்லாவிட்டால் போதும். உங்கள் கையிலோ 240 இருந்தது. மச்சான் வாங்குவது நடுவில் கிடப்பதை மட்டுமல்ல, ஆட்டின் விழுந்த பிறகு உங்களிடமிருந்து கறக்கப் போவதையும் சேர்த்துத்தான். ஆகவே நான் மூன்றில் இரண்டில் தொடங்குவேன். அதே கையை அப்படி ஆடிப் பாருங்கள். ஃப்ளொப்பில் 40, மச்சான் கோல். நடுவில் 140, உங்களிடம் 200. டேர்னில் 100 வையுங்கள். 240-ஐ வெல்ல அவர் 100 போட வேண்டும், 29 வீதம் தேவை, இருப்பது 20. ரிவருக்கு உங்களிடம் மிஞ்சுவது 100 மட்டுமே. ஆட்டின் விழுந்து, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த 100-ஐயும் கொடுத்துவிடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டேர்ன் கோலில் அவருக்குச் சராசரியாக 14 கொட்டை நட்டம். டேர்ன் பெட்டை நன்றாகப் பெரிதாக்கினால் ரிவரில் நீங்கள் ஒரு பிழை விட்டாலும் தாங்கும்.

இன்னொன்று, இந்தக் கையில் உங்களுடையது ஸ்பேட் ஆஸ். அது ஆட்டின் ஆஸாக இருந்திருந்தால் அவருக்கு உதவும் சீட்டு ஒன்பதில்லை, எட்டு. நாலாவது ஆட்டின் மேசையில் விழுந்தால் பெரிய ஃப்ளஷ் உங்களுடையது. அப்படியான கையில் கொஞ்சம் சின்னதாக வைத்து ஆளைக் கூட்டிவைத்திருக்கலாம்.

உங்கள் வீட்டு ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு பேர் ஆடும்போது ஃப்ளொப்பை நாலு பேர் பார்ப்பது சாதாரணம். நீங்கள் 60-க்கு 40 வைக்க, ஒருவர் கோல் செய்தால், அடுத்தவர் 140-ஐ வெல்ல 40 போடுகிறார். அவருக்கு 22 வீதம் போதும், அவருக்குப் பின்னால் வருபவருக்கு இன்னும் மலிவு. ஆட்கள் கூடக் கூட பெட்டும் கூட வேண்டும், நான் முழுப் பொட்டுக்குக் கிட்ட வைப்பேன். அப்புறம் புளியங்கொட்டை. காசு வைத்து ஆடாதது மிக நல்ல முடிவு, அதை மாற்றாதீர்கள். ஆனால் தீர்ந்தால் டப்பாவிலிருந்து அள்ளிக்கொள்ளலாம் என்றால் எந்த விலையும் யாரையும் யோசிக்க வைக்காது, எல்லாரும் எல்லாவற்றுக்கும் கோல் செய்வார்கள். ஒரு இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு, தீர்ந்தால் தேத்தண்ணி ஊற்றுவது அவர்தான் என்று வைத்துப் பாருங்கள். ஆட்டமே மாறிவிடும். அதுவரை, எதற்கும் கோல் செய்கிற மேசையில் நல்ல கை வந்தால் பெரிதாகவே வையுங்கள், எப்படியும் வாங்குவார்கள்.

எல்லா டிரோவும் 9 சீட்டு இல்லை. மேசையில் ஆட்டின் 10, ஆட்டின் 7, கிளாவர் 2, எதிரியின் கையில் ஆட்டின் 9-உம் 8-உம் என்றால் அவருக்கு 15 சீட்டு உதவும். இரண்டு சீட்டும் பார்த்தால் 54 வீதம், உங்கள் ஒரு ஜோடியைவிட அவர்தான் முன்னால். அப்படி அடிபட்டால் உங்கள் பெட் அளவைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசிக் கேள்வி, ரிவர் கோல். நடுவில் 140, மச்சான் 200 தள்ளினார். 340-ஐ வெல்ல நீங்கள் 200 போட வேண்டும். அவர் ஏமாற்றித் தள்ளும் நேரம் நூற்றுக்கு 37 தடவையாவது இருந்தால்தான் அந்தக் கோல் கட்டும். டேர்னில் 100 வைத்திருந்தால் ரிவரில் 440-ஐ வெல்ல 100, அதற்கு 19 தடவை போதும். ஒரு ஜோடியோடு மூன்றாவது ஆட்டினைக் கண்டதும், இரண்டு சுற்றும் பேசாமல் கோல் செய்தவர் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால், நான் ஒரு விஷயத்தைத்தான் யோசிப்பேன்: இந்த மாரி முழுக்க இவர் எத்தனை தடவை வெறுங்கையோடு 200 தள்ளிப் பிடிபட்டிருக்கிறார்? ஒரு தடவைகூட உங்கள் நினைவில் வராவிட்டால் ஆஸையும் ராஜாவையும் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.