அப்பாவின் கண்ணும் மூன்றாவது முயற்சியும்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து, வேலையையும் விட்டுவிட்டு மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை எழுதியும் ஜெனரல் மெடிசின் கிடைக்கவில்லை. தினமும் 12 மணி நேரம் படிக்கிறேன். அப்பாவின் கண்புரை ஆபரேஷனைக்கூட என் பரீட்சைக்காக இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டிருக்கிறோம். மூன்றாவது முறை எழுதலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: எழுதுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அப்பாவின் கண்ணை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

புரை முற்றினால் லென்ஸ் வீங்கிக் கண் அழுத்தம் ஏறலாம், பார்வை நரம்பே கெடலாம். நீங்கள் படிக்கும் 19 பாடங்களில் கண் மருத்துவமும் ஒன்றுதானே? மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் சரியாக டிக் அடித்து 4 மார்க் வாங்கிவிடுவீர்கள். பக்கத்து அறையில் அதே கேள்வி இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அவர் உங்களுக்கு டீ கொண்டுவரும்போது சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாரா? கவனித்தீர்களா?

“அப்பாவேதான் இப்போது வேண்டாம் என்றார்” என்பீர்கள். அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை நாம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம்கூட ஆகாது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு சில வாரம் சொட்டு மருந்து விட ஓர் ஆள் வேண்டும். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் ஆள் இல்லையா? பெற்றவரைக் காக்க வைத்துவிட்டு ஊராருக்கு வைத்தியம் பார்க்கப் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், போகட்டும்.

சரி, பரீட்சை. 12 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறீர்கள். எந்தப் பாடத்தில் சறுக்கினீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. 2024 முதல் 200 கேள்விகளை ஐந்து பகுதியாக்கி, 40 கேள்விக்கு 42 நிமிடம் என்று வைத்துவிட்டார்கள். ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் போக வழியில்லை. ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற பழக்கம் அங்கே செல்லாது. அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

மூன்றாவது முறையும் எழுதுங்கள். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்த கைக்குக் கேஸ் கேள்விகள் சுலபமாகப் பிடிபடும். அரசு டாக்டர்களை வேலைக்கு எடுக்கும் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதி அரசு டாக்டர்களுக்குத்தான்.

இந்த வாரமே அப்பாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கண் அழுத்தம், சர்க்கரை, பி.பி. மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் தேதி கிடைத்ததும், சொட்டு மருந்து விடும் நேரங்களை முதலில் குறித்துவிட்டு, மிச்ச நேரத்தில் உங்கள் டைம்டேபிளைப் போடுங்கள்.