சிறை போனில் வழக்கைப் பேசாதீர்கள்

அண்ணா, டெக்சாஸில் ஹெச்-1பி விசாவில் இருக்கும் உங்கள் தம்பி, நண்பரின் காரில் 600 கிராம் கொக்கைன் சிக்கியதால் ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) வழக்கில் கைதாகியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் வீட்டை அடமானம் வைத்துத் தனி வக்கீல் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில், சிறையிலிருந்து அவர் கூப்பிட்டால் "என்னடா நடந்தது" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகும். தமிழில் பேசினாலும் மொழிபெயர்த்துவிடுவார்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு நிறுத்துங்கள்.

அப்புறம் வீடு. அவசரப்பட்டு அடமானம் வைக்க வேண்டாம். கோர்ட் நியமிக்கும் வக்கீலான ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் இலவசம் என்பதால் மட்டம் இல்லை. இதே கோர்ட்டில் இதே மாதிரி வழக்குகளைத் தினமும் நடத்துகிறவர்.

கொக்கைன் 500 கிராமைத் தொட்டாலே, விற்கும் நோக்கம் நிரூபணமானால் குறைந்தது 5 ஆண்டு. கலப்படப் பொருளின் எடையும் இதில் சேரும். ஃபெடரலில் பரோலில் முன்கூட்டியே விடுதலையாவதும் கிடையாது. ஆனால் காரில் சரக்கு இருந்தது தம்பிக்குத் தெரியும் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். காரைச் சோதித்த விதம் சட்டப்படி சரியா என்பதையும் வக்கீல் கேள்வி கேட்கலாம். பழைய தண்டனை இல்லாதவருக்கு, ஆயுதமோ வன்முறையோ கலக்காமல் இருந்தால், 'சேஃப்டி வால்வ்' என்ற சட்டச் சலுகை மூலம் அந்த 5 ஆண்டுக்குக் கீழேயும் தண்டனை இறங்கலாம். அந்தச் சலுகைக்கு, தம்பி தனக்குத் தெரிந்த உண்மையையெல்லாம் அரசுத் தரப்பிடம் சொல்ல வேண்டும். ஆனால் வக்கீல் பக்கத்தில் இல்லாமல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நாடு கடத்தல் பற்றி வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள். அதை விளக்குவது அவர் கடமை என்று 2010-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.