புழு இருந்தும் காய்ச்சல் ஏன் வரவில்லை?

கேள்வி: வயது 42. திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் விடியற்காலையில் பூப்பறிக்கப் போகிறேன். எந்நேரமும் அசதி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8, ஈசினோஃபில் 14 சதவீதம், மலத்தில் கொக்கிப்புழு முட்டை. காய்ச்சல், வயிற்றுவலி எதுவும் இல்லை. எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையா டாக்டர்? ஈசினோஃபில் குறைய ஸ்டீராய்டு மாத்திரை போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

பதில்: இருக்கிறதம்மா. ஈசினோஃபில் என்பது புழு வந்தால் கூடும் ஒருவகை வெள்ளை அணு. அந்த 14 சதவீதமே அதற்குச் சாட்சி.

ஈரமண்ணில் இருக்கும் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் ஒட்டிக்கொள்கிறது. பாக்டீரியா என்றால் வெள்ளை அணு விழுங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் புழுவை எந்த அணு விழுங்கும்? அதைக் கொல்லும் அளவுக்கு அழற்சியைக் கிளப்பினால் முதலில் புண்ணாவது குடல்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அதனால் உடம்பு ஈசினோஃபிலையும் ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புப் புரதத்தையும் அனுப்புகிறது, குடலில் சளியைக் கூட்டுகிறது. புழு மாதக்கணக்கில் தங்கிவிட்டால் அந்த வேகத்தையும் தணிக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் பெருகி, இன்டர்லூகின்-10 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து அழற்சியை அடக்குகின்றன. புழுவும் லேசுப்பட்டதல்ல. தான் கசியவிடும் புரதங்களால் இந்த அடக்கத்தைத் தூண்டிவிடுகிறது.

யானைக்கால் புழுவிலும் இதைப் பார்க்கலாம். ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் ஓடும், ஆள் நன்றாக நடமாடுவார். அடக்கம் தளர்ந்த சிலருக்குத்தான் கால் வீங்குகிறது. வேறு சிலருக்கு ஈசினோஃபில் எக்கச்சக்கமாக ஏறி, ராத்திரியில் இருமலும் இழுப்பும் வரும்.

காய்ச்சல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். புழு ரத்தம் குடிப்பது நிற்கவில்லை, உங்கள் அசதி அதனால்தான்.

ஸ்டீராய்டு மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று இன்னொரு புழு, இதே போலக் கால்வழி நுழைவது, உடம்புக்குள்ளேயே பெருகக்கூடியது. ஒருமுறை மலம் பார்த்தால் சிக்காமல் போகலாம். அது இருக்கும்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டைப் போட்டால் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அண்ணனிடமும் சொல்லிவையுங்கள்.

உங்களுக்கு வேண்டியது பூச்சி மாத்திரை. கொக்கிப்புழுவுக்கு வழக்கமாக அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒருவேளை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் சொல்லுங்கள். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை சில மாதங்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டும் கிடைக்கும். ஈசினோஃபில் உடனே இறங்காது, சில வாரங்கள் கழித்து மறுபடி ரத்தமும் மலமும் பாருங்கள். தோட்டத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் புழு திரும்பவும் ஏறும்.