கடன் வாங்கினா பாவமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்ட அவர் ஆட்டோ ஓடுறார். 2022ல பெட்ரோல் வரிசையில நிண்ட காலத்துல ஹயரே இல்ல, லீசிங் கட்ட வழியில்லாம தெரிஞ்ச ஒரு அம்மாட்ட மாசம் நூத்துக்குப் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினோம். இன்னும் வட்டிதான் போகுது, முதல் அப்பிடியே இருக்கு. என்ட ரெண்டு சோடி காப்பும் அடகுல, அந்த அடகுத் துண்ட அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கிறன், அவருக்கே தெரியாது. ஜெபக் குழுவுல ஒருத்தர் கடன் வாங்குறதே பாவம், விசுவாசம் இருந்தா வாங்கியிருக்க மாட்டீங்க எண்டு சொன்னதுல இருந்து பூசைக்குப் போனாலும் நற்கருணை எடுக்க மனசு வருதில்ல.
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, கஷ்டத்துல கடன் வாங்கினது பாவமில்ல. தயங்காம நற்கருணை எடுங்க.

அப்பிடிச் சொல்றவங்க வழமையா எடுக்கிறது நீதிமொழிகள் 22:7, கடன் வாங்கினவர் குடுத்தவருக்கு அடிமை எண்டு. அது எச்சரிக்கை, எவ்வளவு உண்மை எண்டு உங்களுக்கே தெரியும், ஃபோன் அடிச்சாலே நெஞ்சு பதறும்தானே. ஆனா திருப்பாடல் 37:21 பொல்லாதவர் எண்டு சொல்றது கடன் வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்காதவர. வயித்தக் கட்டி வட்டி கட்டுற நீங்க அந்த ஆளில்ல.

பைபிள் கூடக் கடுமையா பேசுறது கடன் குடுக்கிறவங்களோடதான். விடுதலைப் பயணம் 22ல, ஏழைக்குக் கடன் குடுத்தா வட்டி வாங்காத, அவன்ட மேலாடைய அடகா எடுத்தா பொழுதுபட முந்தி திருப்பிக் குடு, வேற எதப் போர்த்திக்கொண்டு படுப்பான் எண்டு கடவுளே கேக்கிறார். நெகேமியா 5ம் அதிகாரத்த நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒருக்கா வாசிங்க. பஞ்சத்துல தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வச்சு, ராசாட வரி கட்டவும் கடன்பட்டு, பிள்ளைகளயும் அடிமையா விட்ட சனம் வந்து அழுகுது. அங்க ஆளுநரா இருந்த நெகேமியா அவங்களப் பார்த்து உங்களுக்கு விசுவாசம் காணாது எண்டு சொல்லவேயில்ல, கடன் குடுத்த பெரிய ஆக்களக் கூப்பிட்டு சபைக்கு முன்னால ஏசி, வயலையும் வீட்டையும் வட்டியையும் இண்டைக்கே திருப்பிக் குடுங்க எண்டுட்டார். நாடே வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிச்ச வருஷத்துல ஒரு ஆட்டோக்காரர் கடன்பட்டத விசுவாசக் குறைவு எண்டு சொன்னது அநியாயம், எனக்கு வாசிக்கேக்கயே கோவம் வந்தது.

இப்ப அந்தத் துண்ட எடுத்து இண்டைக்கு ராவைக்கே அவர்ட கையில குடுங்க, ரெண்டு பேருக்கும் முழுக் கணக்கும் தெரியாட்டி ஒண்டும் நகராது. 2 அரசர் 4ல ஒரு அம்மாட புருஷன் செத்து, கடன்காரன் ரெண்டு பொடியன்களையும் அடிமையா கொண்டுபோக நிக்கிற நேரம் இறைவாக்கினர் எலிசா அந்தம்மாட்ட கேட்டது, வீட்டுல என்ன இருக்கு எண்டு. ஒரு கலயம் எண்ணெய். அத ஊத்தி நிரப்பின பாத்திரமெல்லாம் அக்கம்பக்கத்துல இரவல் வாங்கினது, இத நிறையப் பேர் கவனிக்கிறதில்ல! புதுமை நடந்த பிறகும் எண்ணெய வித்துக் கடனக் கட்டு எண்டுதான் எலிசா சொன்னார்.

உங்கட வட்டி வருஷத்துக்கு 120,000, வாங்கினதே 100,000. இதக் கட்டிக்கொண்டு காப்பக் காப்பாத்தி பிரயோசனமில்ல. செட்டியார் தெருவுல ரெண்டு மூண்டு கடையில தங்க விலைய விசாரிங்க, அடகக் கழிச்சு மிச்சம் வருமெண்டா மீட்டு வித்து அந்த அம்மாட முதல அடைங்க, முழுசும் வராட்டி ஒரு பங்கக் குடுத்திட்டு மிச்சத்த வட்டியில்லாம மாசா மாசம் தாறம் எண்டு நேர்ல போய்க் கேளுங்க. பங்கு ஃபாதரையோ ஏழைகளுக்கு உதவுற வின்சன்ட் டி போல் சபையில ஒருத்தரையோ கூட்டிக்கொண்டு போனா பேச்சு வேற மாதிரி இருக்கும். லீசிங் இன்னும் இருந்தா தவணை தவற முந்தியே கிளைக்குப் போய் தவணைய மாத்தித் தரச் சொல்லி எழுத்துல குடுங்க, கொப்பி ஒண்டு கையில இருக்கட்டும், சரியான பதில் வராட்டி மத்திய வங்கிட 1935 எண்ட நம்பருக்கு ஃபோன் எடுங்க. ஃபோன்ல வர்ற லோன் மெசேஜ் ஒண்டையும் தொடாதீங்க.

கேள்வி: ஜெபக் கூட்டத்துக்கு வர்ற தம்பி ஒருத்தர் வேன் லீசிங்குக்கு கேரண்டர் கையெழுத்து கேக்கிறார். மறுத்தா அன்பில்லாதவன் ஆயிடுவனா?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: மறுக்கலாம். பிணை நிண்டவர், வேடன்ட கையில இருந்து மான் தப்புற மாதிரி தப்பிக்கொள்ளட்டும் எண்டுதான் நீதிமொழிகள் 6 சொல்லுது. அவர் கட்டாட்டி காச உங்கள்ட்டதான் கேப்பாங்க, உங்கட கடன் விவரமெல்லாம் வங்கிகளுக்குக் காட்டுற கிரிப் ரிப்போர்ட்லயும் அது நிக்கும், பிறகு நீங்க ஒரு லோனுக்குப் போனா கஷ்டம். உதவ மனசிருந்தா, திரும்பி வராட்டியும் தாங்கக்கூடிய ஒரு தொகைய முகம் கோணாம கையில குடுங்க, மத்தேயு 5:42 கேக்கிறது அதத்தான். பவுல், அடிமையா இருந்த ஒனேசிமுட கடன நானே கட்டுறன் எண்டு அவன்ட எசமான் பிலமோனுக்குத் தன்ட கையாலயே எழுதிக் குடுத்தார். அந்த மாதிரி முழுக் காசையும் கட்ட உங்களால ஏலுமெண்டா மட்டும், பேப்பர வீட்டுக்குக் கொண்டுவந்து மனிசியோட இருந்து வாசிச்சிட்டுக் கையெழுத்து வைங்க.