மேப்பிள் பாணி: பீற்றர்பரோ காணியில் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் காணி வாங்கினோம். பின்பக்கக் காட்டில் மேப்பிள் மரங்கள் நிறைய நிற்கின்றன. மேப்பிள் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகான பாணி எல்லாம் கியூபெக் மாகாணத்தில்தான் வரும் என்கிறார்கள். எங்கள் காணியிலும் எடுக்க முடியுமா? ஸ்காபரோ வீட்டு வாசலிலும் ஒரு பெரிய மேப்பிள் நிற்கிறது. அதையும் துளைக்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. காணியில் தாராளமாக எடுக்கலாம். உலகத்து மேப்பிள் பாணியில் 70 சதவீதம் அளவு கியூபெக்கில் வருவது உண்மைதான். ஆனால் ஒன்ராறியோ, நியூ பிரன்சுவிக், எல்லைக்கு அந்தப் பக்கம் வெர்மான்ட், நியூயோர்க், மெயின் எல்லாமே மேப்பிள் பிரதேசங்கள்தான். உங்களுக்குக் கிழக்கே இருக்கும் லனார்க் கவுன்ரியை ஒன்ராறியோவின் மேப்பிள் தலைநகர் என்றே சொல்வார்கள்.

இந்த மூலையில் மட்டும் ஏன் என்றால், இரவில் உறைந்து பகலில் இளகும் காலநிலைதான் காரணம். இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5 என்று போகும் நாட்களில் மரத்துக்குள் அழுத்தம் ஏறி, துளையிட்ட இடத்தால் சாறு வடியும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, நான்கு முதல் ஆறு வாரம்தான் பருவம்.

மரத்தைத் தேடும் வேலையை மட்டும் மார்ச்சுக்குத் தள்ளிப் போடாதீர்கள். இலையில்லாத காட்டில் புதியவருக்கு எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இலை நிற்கும்போதே போங்கள். முதலில் தேட வேண்டியது சீனி மேப்பிள். சீனி மேப்பிளின் இலையில் ஐந்து மடல், மடல்களுக்கு நடுவே வளைவு, விளிம்பில் அரம் போன்ற பல் இருக்காது. சின்னச் சின்னப் பல் இருந்தால் அது பெரும்பாலும் சிவப்பு மேப்பிள். அதிலும் எடுக்கலாம், இனிப்புத்தான் கொஞ்சம் குறைவு. இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது நோர்வே மேப்பிள். நகரத் தெருக்களில் அழகுக்கு நட்டவை பெரும்பாலும் அவைதான். உங்கள் ஸ்காபரோ மரமும் அதுவாக இருக்கக்கூடும். நடைபாதையோரம் நின்றால் அது மாநகரசபை மரமாகவும் இருக்கலாம், கை வைக்க வேண்டாம்.

பிடித்த மரங்களுக்குப் பெயின்ரால் ஒரு புள்ளி வையுங்கள். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 80 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். அதைவிட மெலிந்ததைத் துளைப்பது மரத்துக்குச் செய்யும் அநியாயம். ஒரு மரத்துக்கு ஒரு துளை, 8 மில்லிமீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் ஆழம், சாறு வெளியே வழியும்படி லேசாக மேல்நோக்கிய சரிவு. பருவம் முடிந்ததும் துளையை எதனாலும் அடைக்காதீர்கள், மரம் தானே மூடிக்கொள்ளும். அடுத்த வருடம் பழைய தழும்பை விட்டு விலகித் துளையுங்கள்.

பனங் கருப்பநீர் (பதநீர்) நாக்கில் பட்டதும் தித்திக்கும். மேப்பிள் சாறு அப்படியல்ல, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். சீனி 2 சதவீதம் அளவுதான். அதனால்தான் 40 லீற்றர் சாறு காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. நல்ல பருவத்தில் ஒரு துளை தருவதும் ஏறக்குறைய அந்த 40 லீற்றர்தான். குசினிக்குள் மட்டும் காய்ச்சாதீர்கள், 39 லீற்றர் நீராவியைச் சுவர் தாங்காது. சாற்றை நாட்கணக்கில் வைத்தால் கருப்பநீர் போல இதுவும் புளிக்கும். குளிரில் வைத்து, ஓரிரு நாளில் காய்ச்சிவிடுங்கள். அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 பாகை கூடினால் பாணி பதம். சூட்டோடு தடித்த துணியில் வடியுங்கள். அடியில் மணல் போலப் படிவது மரத்தின் கனிமம்தான், பயப்பட வேண்டாம்.

முதல் வருடம் பத்து மரம் போதும். அதற்கு முன் மார்ச்சில் ஒரு நாள் ரொறன்ரோவுக்கு வடக்கே வோனில் உள்ள கோட்ரைட் இயற்கைப் பாதுகாப்பு நிலையத்துக்கோ லனார்க்கில் ஒரு தோட்டத்துக்கோ குடும்பத்தோடு போய், கொதிக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கேயே ஒரு போத்தல் வாங்கிச் சுவை பழகுங்கள். கடையில் வாங்குவதென்றால் சேர்மானத்தில் மேப்பிள் பாணி என்ற ஒன்று மட்டும் இருக்க வேண்டும். பான்கேக் சிரப் பெரும்பாலும் சோளப் பாகு.

விற்கும் எண்ணம் வந்தால், மாகாணத்துக்கு வெளியே அனுப்ப கனேடிய உணவுப் பரிசோதனை முகமையின் உரிமம் வேண்டும்.

அப்புறம், ஏப்ரலில் மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும் பாணியில் ஒரு கெட்ட வாடை ஏறும். சாறு வந்துகொண்டிருக்கிறதே என்று ஆசைப்படாமல் அன்றைக்கே துளைகளில் செருகிய குழாய்களைக் கழற்றிவிடுங்கள்.